மாஸி 135 எஞ்சின் பிளாக் கழற்றுகிறேன், போர் (சிலிண்டர் துளை) அறுக்க லேத்துக்குக் கொடுக்க முதல் என்னென்ன பார்க்க வேண்டும்?

புத்தூர்_தோட்டம்

வணக்கம். அப்பாவின் மாஸி பெர்குசன் 135, பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல். நான் பிறக்க முதலே வீட்டில் இருந்த மெசின், அது உழுத காசில்தான் நாங்கள் மூன்று பேரும் படித்தோம். அதனால் விற்றுவிட்டு வேறு எடு என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். இரண்டு போகமாக ஒயில் குடிக்கிறது. காலையில் ஸ்ராட் எடுக்க நேரம் ஆகிறது, எடுத்த பிறகு நீலப் புகை, பிறீதர் குழாய் (எஞ்சினின் மூச்சுக் குழாய்) வாயில் கையை வைத்தால் சுடுகாற்று விட்டுவிட்டு அடிக்கிறது. முன்பு மூன்றாம் கியரில் இழுத்த கலப்பையை இப்போது இரண்டில்தான் இழுக்கிறது.

ஒரு இடத்தில் கொண்டுபோய்க் காட்டினோம். எதையும் திறக்காமலே "மூன்று லைனரும் (சிலிண்டருக்குள் இருக்கிற உறை) மாற்றி, கிராங்கையும் (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) கிறைண்ட் பண்ணிப் போட்டால் சரி, சாமானுக்கு அட்வான்ஸ் வையுங்கோ" என்றார்கள். அப்பா "ஏன் தேய்ந்தது?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதற்குப் பதில் வரவில்லை, மெசினைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

நான் முன்பு லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு மெசின்) எஞ்சின் ஒன்று கழற்றிப் பூட்டியிருக்கிறேன், ஸ்பானர் பிடிக்கத் தெரியும். கொட்டிலில் செயின் பிளொக் இருக்கிறது. பிளாக்கை நானே கழற்றிப் பார்த்து, தேவையான வேலைக்கு மட்டும் லேத்துக்குக் கொண்டுபோக நினைக்கிறேன். எதை எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும்?

சுன்னாகம்_லேத்

தம்பி, அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. லேத் பட்டறையில் 30 வருடத்துக்கு மேல் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், கழுவித் துடைத்துப் பளபளவென்று வரும் பிளாக்கில் எனக்கு அளவு மட்டும்தான் தெரியும், என்ன நடந்தது என்று தெரியாது. ஆகவே முதலாவது, கழுவ வேண்டாம். ஊத்தையோடு பாரும், கழற்றும்போது ஒவ்வொன்றையும் படம் எடும், பிறகு கழுவலாம்.

கழற்ற முதல் இன்ஜெக்டர் துளையில் டீசலுக்கு உரிய கேஜ் போட்டு மூன்று சிலிண்டரிலும் கொம்பிறஷன் எடுத்து எழுதி வையும். மூன்றும் ஒரே மாதிரி விழுந்திருந்தால் ஒரு கதை, ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அது வேறு கதை. ஒயிலை வெள்ளைத் தட்டில் வடியும். பில்டரைத் தூக்கி எறியாமல் அறுத்து மடிப்பை விரித்து வெயிலில் பிடியும். கறுப்புக் களியில் காந்தம் போட்டால் ஒட்டுவது இரும்பு, பிஸ்டன் றிங்கிலிருந்தோ லைனரிலிருந்தோ வந்தது. செம்பு நிறத்தில் மினுங்கினால் பேரிங் ஓட்டின் மேல்பூச்சு போய் அடிச்செம்பு தேய்கிறது என்று அர்த்தம்.

இந்த எஞ்சினின் பெயர் 3.152. மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம், அதாவது 2.5 லீற்றர். போர் 3.6 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 5 அங்குலம். அந்த எண்ணையும் பிளாக்கில் அடித்திருக்கிற தொடர் இலக்கத்தையும் எழுதி வையும், லைனரும் பிஸ்டனும் வாங்கப் போகும்போது கடைக்காரன் கேட்பான்.

ஒரு விஷயம் கவனம். இந்த மெசினுக்கு காரைப் போல சேசிஸ் கிடையாது, எஞ்சின்தான் நடு முதுகெலும்பு. முன் அச்சு எஞ்சினில் தொங்குகிறது, பின்னால் கியர்பொக்ஸ். எஞ்சினைக் கழற்றினால் மெசின் இரண்டாகப் பிரியும். பின்பாதிக்குக் கீழே பனங்குற்றி அடுக்கி இரண்டு பக்கமும் ஆப்பு வைத்துவிட்டுத்தான் போல்டைத் தளர்த்த வேண்டும். செயின் பிளொக்கை மட்டும் நம்பி உள்ளே கை வைக்க வேண்டாம். சம்ப் (அடியில் இருக்கிற ஒயில் தொட்டி) வார்ப்பிரும்பு, தனி ஆள் தூக்கினால் விரல் போகும்.

ஹெட் நட்டை எஞ்சின் ஆறிய பிறகு, வெளியிலிருந்து நடுவுக்கு, ஒவ்வொன்றிலும் கால் சுற்று, அரைச் சுற்றாகத் தளர்த்தும். ஒரே மூச்சில் ஒன்றைக் கழற்றி மற்றதுக்குப் போனால் ஹெட் வளையும். ஹெட்டுக்கு அடியில் இருக்கிற கஸ்கெற் தகடு வந்ததும் இரண்டு பக்கமும் திருப்பிப் பாரும், எந்த இடத்தில் கரி கசிந்தது, எந்த இடத்தில் தண்ணீர் அடையாளம் என்று அது காட்டும். புஷ் றொட்டுகளை ஒரு காட்போட் மட்டையில் துளை போட்டு இலக்கத்தோடு குத்தி வையும்.

பிறகு போரின் மேல் விளிம்பில் நகத்தை வைத்துக் கீழே இழுத்துப் பாரும். நகம் ஒரு படியில் தட்டும். மேல் றிங் போய் நிற்கும் இடத்துக்கு மேலே தேயாத பகுதி அது. அந்தப் படியை றீமரால் (படியை அறுக்கிற கருவி) எடுக்காமல் பிஸ்டனை மேலே தள்ளினால் றிங் பள்ளத்தின் மேடு உடையும். லைனர் மாற்றத்தானே போகிறோம் என்று கட்டையால் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிஸ்டனின் உடம்பில் இருக்கிற கீறலையும் கரியையும் நாங்கள் பார்க்க வேண்டும், உடைத்தால் எதைப் பார்ப்பது?

கொனெக்டிங் றொட்டும் மூடியும் சோடி. இலக்கம் தெளிவில்லாவிட்டால் பஞ்சால் புள்ளி அடியும். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு, இரண்டு துண்டிலும் ஒரே பக்கத்தில். கிராங்கைப் பிடித்திருக்கிற மெயின் மூடிகளுக்கும் அப்படித்தான். றொட் போல்டில் றப்பர் குழாய் துண்டு மாட்டிவிட்டுத் தள்ளும், இல்லாவிட்டால் போல்டின் புரி கிராங்கில் கீறும்.

கொக்குவில்_மைனர்

லேத் அண்ணை சொன்ன "கழுவ வேண்டாம்" என்பதோடு நான் இன்னொன்று சேர்க்கிறேன். வெடிப்புப் பார்க்காமல் போருக்குக் கொடுக்க வேண்டாம். என் அனுபவம் இது.

என்னுடையது மொரிஸ் மைனர், 1098 சிசி. 1990இல் பெற்றோல் தடைப்பட்ட பிறகு எங்கள் ஊரில் எல்லாக் காரும் ஓடிய மாதிரி இதுவும் மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, சூடு வந்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டு ஓடிய கார்கள் அவை. ஆனால் எஞ்சினுக்கு அது நஞ்சு. முழுதும் ஆவியாகாத மண்ணெண்ணெய் போர்ச் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு சம்ப்புக்கு இறங்கும், சம்ப்பில் ஒயில் தண்ணீர் மாதிரி ஆகும், பேரிங்கும் போகும். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடுப்படி வாசம் அடிக்கும். அப்படி ஓடிய பிளாக்கைப் பிறகு ஒரு பட்டறையில் கொடுத்தேன். ஏற்கெனவே இரண்டு தரம் போர் செய்த பிளாக், இவர்கள் கடைசி அளவுக்கு அறுத்தார்கள். பிஸ்டன் வாங்கி, றிங் வாங்கி, பூட்டி, தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் நாள் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது. கழற்றிப் பார்த்தால் இரண்டாம் மூன்றாம் சிலிண்டருக்கு நடுவே ஸ்ரட் துளையிலிருந்து தண்ணீர் வழி வரைக்கும் மயிர்க்கோடு போல ஒரு வெடிப்பு. அறுக்க முதலே இருந்த வெடிப்பு அது, உள்ளே துரு ஏறி இருந்தது. அறுத்த காசு, பிஸ்டன் காசு எல்லாம் போனது. கேட்டதற்கு "நீங்கள் போர் செய்யத்தானே தந்தீர்கள்" என்றார்கள்.

அந்தப் பிளாக் இன்னும் என் வீட்டு விறாந்தையில் இருக்கிறது. எறிய மனம் வரவில்லை.

மருதனார்மடம்_கராஜ்

எல்லாரும் பெரிய வேலையாகக் கதைக்கிறீர்கள். தோட்டக்காரனுக்கு வெங்காயம் நடுகிற காலத்தில் மெசின் வேண்டும். ஹெட்டை எடுத்து, புது றிங் செற் போட்டு, வால்வ் கிறைண்ட் பண்ணிக் கொடுத்தால் ஒரு போகம் ஓடும். எத்தனையோ மெசின் அப்படி அனுப்பியிருக்கிறேன், ஆட்கள் வந்து நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

சுன்னாகம்_லேத்

கராஜ் அண்ணை, அவசரம் எனக்கும் விளங்கும். தேய்வு குறைவாக இருந்தால் நீங்கள் சொல்வது செய்யலாம், நானே செய்து கொடுத்திருக்கிறேன். அளக்காமல் செய்வதுதான் எனக்கு ஒத்துவராது. பழைய றிங்கின் மேல் மூலை தேய்ந்து உருண்டிருக்கும், அது அந்தப் படிக்குக் கீழே ஒத்து ஓடிக்கொண்டிருக்கும். புது றிங்குக்கு மூலை சதுரம். அது மேலே போய்ப் படியில் இடிக்கும். இரண்டு நாளில் றிங் உடைந்தால் துண்டு பிஸ்டனைத் தின்னும், லைனரைக் கீறும், ஒரு போகத்துக்குப் பார்த்த வேலை நடுப் போகத்தில் நின்றுவிடும். போர் நீள்வட்டமாக இருந்தால் புது றிங் வட்டமாக இருந்து என்ன பயன், இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரியும்.

மருதனார்மடம்_கராஜ்

படியை றீம் பண்ணாமல் யாரும் போடுவதில்லை அண்ணை, அது நான் எழுதாமல் விட்டது. அளந்து பார்த்துவிட்டு முடிவு எடுக்கலாம் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

புத்தூர்_தோட்டம்

நான்கு நாளாக வேலை. எழுதப் பிந்திவிட்டது.

கொம்பிறஷன் மூன்றிலும் குறைவு, மூன்றாவதில் மற்ற இரண்டை விடவும் குறைவு. பில்டர் மடிப்பில் சாம்பல் நிறக் களி, காந்தத்தில் மீசை மாதிரி ஒட்டியது. செம்பு மினுக்கம் கொஞ்சம். படி மூன்று போரிலும் நகத்தில் நன்றாகத் தட்டியது. றீமரை வாடகைக்கு எடுத்துப் படியை எடுத்துத்தான் பிஸ்டனைத் தள்ளினேன்.

மேல் றிங்கைக் கழற்றி விரலால் தடவினால் கத்தி மாதிரி இருக்கிறது, வெளி முகம் அவ்வளவு மெலிந்துவிட்டது. கீழ் றிங்குகள் அவ்வளவு மோசம் இல்லை. பிஸ்டன் உடம்பில் மேலிருந்து கீழாக மெல்லிய நேர்க்கோடுகள், மங்கிய சாம்பல் நிறம், கண்ணாடிப் பேப்பரால் உரசின மாதிரி. லைனர் மேல்பாதியில் குறுக்குக் கோடு ஒன்றும் மிச்சம் இல்லை, அடியில் மட்டும் பழைய ஹோனிங் கோடு (லேத்தில் போர்ச் சுவரில் உரசிப் போடுகிற குறுக்குக் கோடு) இன்னும் தெரிகிறது. றொட் பேரிங்கில் மேல் ஓடுகளின் நடுவில் செம்பு விரல் அகலத்துக்குத் தெரிகிறது, கீழ் ஓடுகள் சாம்பல் நிறமாகவே இருக்கின்றன. ஓட்டின் முதுகில் எஸ்டிடி (முதல் அளவு) என்றுதான் அடித்திருக்கிறது. அப்படியென்றால் இந்தக் கிராங்க் இதுவரை கிறைண்ட் பண்ணப்படவில்லை, சரியா?

ஸ்காபரோ_உரும்பிராய்

தம்பி, நான் இங்கே கனடாவில் எஞ்சின் றீபில்ட் செய்கிற இடத்தில் வேலை செய்கிறேன், பிறந்தது உரும்பிராய். ஓட்டின் விஷயம் நீர் சொன்னது சரி, எஸ்டிடி ஓடு பூட்டியிருந்தால் கிராங்க் இன்னும் முதல் அளவில்தான் இருக்கிறது. மேல் ஓடு தேய்வதும் வழமைதான், எரிவாயு பிஸ்டனை அடிக்கிற அடி முழுதும் றொட்டின் மேல் ஓட்டில்தான் விழும்.

எனக்கு உறுத்துவது வேறு. மேல் றிங் மெலிந்து, போரின் மேல்பாதி தேய்ந்து, பிஸ்டனில் கண்ணாடிப் பேப்பர் உரசின மாதிரிக் கோடு, அதுவும் மூன்று சிலிண்டரிலும் என்றால் அது மண். தூசு காற்றோடு உள்ளே போயிருக்கிறது. ஒயிலில் ஊத்தை இருந்து தேய்ந்தால் கீழ் றிங்கும் பேரிங்கும் முந்திப் போகும். காற்றில் வந்த தூசு மேலிருந்து தின்னும்.

உமது மெசினில் ஒயில் பாத் எயார் கிளீனர் (காற்றில் வருகிற தூசை ஒயிலில் பிடிக்கிறது) தானே? அதிலிருந்து இன்லெற் மனிபோல்டுக்கு (எஞ்சினுக்குள் காற்றுப் போகும் வழி) போகும் றப்பர் குழாயைக் கழற்றி வளைத்துப் பாரும். மனிபோல்டுக்குள் வெள்ளைத் துணியை விரலில் சுற்றி விட்டுத் துடைத்து, என்ன நிறம் என்று எழுதும்.

புத்தூர்_தோட்டம்

அண்ணை, துணி சிவப்பு.

எங்கள் தோட்டத்துச் செம்மண் அப்படியே, ஒயிலில் குழைந்து மெழுகு மாதிரி. றப்பர் குழாயின் அடிப்பக்கம், கிளிப்புக்குக் கீழே, மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெடித்திருக்கிறது. நேரே பிடித்தால் மூடியிருக்கிறது, வளைத்தால் வாய் திறக்கிறது. எஞ்சின் இழுக்கும்போது அந்த வாயால்தான் மண்ணை உறிஞ்சியிருக்கிறது. அப்பாவிடம் காட்டினேன். கையில் வாங்கி வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டு கனநேரம் இருந்தார், கிளீனர் ஒயிலை ஒவ்வொரு கிழமையும் அவர்தான் மாற்றுவார்.

இதைப் பார்க்காமல் லைனர் மாற்றியிருந்தால் புது லைனரும் அடுத்த கோடைக்குள் போயிருக்கும்.

சுன்னாகம்_லேத்

அந்தக் குழாய்க்கு முதலில் புதுசு வாங்கி வையும் தம்பி. பிஸ்டன் பிறகு. அப்பாவிடம் சொல்லும், மேலே இருந்து பார்த்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

மூன்றாவது சிலிண்டர் மற்றதை விடக் கூடத் தேய்ந்தது ஏன் என்று இன்னும் தெரியவில்லை. அதையும் பிடிக்க வேண்டும்.

குருநகர்_கரை

அண்ணைமார் நடுவில் வருகிறேன், எனக்கு போட் எஞ்சின் வேலை. மூன்றாவது பின்னால் உள்ள சிலிண்டர், தண்ணீர் பம்பிலிருந்து ஆகத் தூரம். பக்கத்தில் இருக்கிற கோர் பிளக்குகளை, அதாவது தண்ணீர் வழியை மூடியிருக்கிற தகட்டு மூடிகளைக் கழற்றிப் பாருங்கோ. கடலில் ஓடுகிற எஞ்சினுக்கு நாங்கள் முதல் பார்க்கிறது அதைத்தான், உப்பும் துருவும் சேர்ந்து தண்ணீர் வழியை அடைத்துக் கல்லாகி இருக்கும். உங்களுக்கு உப்பு இல்லாவிட்டாலும் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர்தானே. கேத்தலின் அடியில் படிகிறது ரேடியேற்றரிலும் படியும்.

பிளக்கின் ஒரு ஓரத்தை மழுங்கிய உளியால் தட்டினால் அது குறுக்காகத் திரும்பும், பிடுங்கி எடுக்கலாம். உள்ளே தள்ளிவிட வேண்டாம்.

புத்தூர்_தோட்டம்

கரை அண்ணை சொன்னது அப்படியே இருந்தது. முன்பக்கப் பிளக்குக்குள் விரல் விட்டால் சுவர் தட்டுப்படுகிறது. பின்பக்கம் விரலே போகவில்லை. ஸ்குரூ டிரைவரால் குத்தினால் வெள்ளையும் மண்ணிறமுமாகத் தகடு தகடாக வந்தது, ஒன்றை உடைத்துப் பார்த்தால் மரத்தின் வளையம் மாதிரி அடுக்கு அடுக்காக இருக்கிறது. மொத்தம் ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய வந்தது. மூன்றாம் சிலிண்டரின் பின்பக்கச் சுவர் முழுக்க அதுதான். இதை எப்படிக் கரைப்பது?

சுன்னாகம்_லேத்

சூடு போக வழியில்லை, ஒயில் மெலிந்து அந்த சிலிண்டர் கூடத் தேய்ந்திருக்கிறது. இப்போது இரண்டு காரணமும் கையில் இருக்கிறது, இனிக் கழுவலாம்.

முதலில் ஒயில் கலரி (பிளாக்குக்குள் ஒயில் ஓடுகிற வழி) பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஒன்றைக்கூட விட வேண்டாம், இறுகியிருந்தால் சுற்றிவர சூடாக்கிக் கழற்றும். நீள பிரஷ் விட்டு மண்ணெண்ணெயில் தேய்த்து, காற்று அடித்து, மறுபக்கம் சுத்தமாக வரும்வரை. இங்கே வருகிற பிளாக்கில் பாதிக்கு மேல் கலரி பிளக் கழற்றப்படாத பிளாக். போர் செய்யும்போது விழுகிற இரும்புப் பொடி அந்த மூலையில் போய் நிற்கும், எஞ்சின் ஸ்ராட் எடுத்த முதல் நிமிடத்திலேயே புது பேரிங்குக்குள் வந்துவிடும்.

கிறீஸுக்கும் கரிக்கும் கோஸ்டிக் சோடாத் தொட்டி. வார்ப்பிரும்புக்கு மட்டும்தான், அலுமினியச் சாமானை மறந்தும் அதற்குள் போட வேண்டாம், கரைந்துவிடும். சுண்ணாம்புக்கு அமிலம் வேண்டும். சிற்றிக் அமிலத்தைச் சுடுதண்ணீரில் கரைத்து, தண்ணீர் வழிக்குள் மட்டும் நிற்கிற மாதிரி அடைத்து ஊற்றி வையும், நுரை அடங்கினால் வடித்துப் புதிதாக ஊற்றும். இரண்டு மூன்று தரம் வேண்டிவரும். பிறகு நல்ல தண்ணீர், சலவைச் சோடாத் தண்ணீர், திரும்ப நல்ல தண்ணீர், உடனே காற்று அடித்து உலர்த்தி ஒயில் பூசும். அரை மணித்தியாலம் விட்டாலும் நம்முடைய காற்றில் செம்மஞ்சளாகத் துரு பிடிக்கும்.

உலர்ந்த பிறகு வெடிப்புப் பரிசோதனை. மண்ணெண்ணெயை மேல்முகம் முழுக்கப் பூசி ஒரு இரவு விடும். காலையில் நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புத் தூளை மெல்லிசாகப் பூசும். ஸ்ரட் துளையைச் சுற்றி, லைனருக்கும் லைனருக்கும் இடையில், மெயின் மூடி இருக்கும் இடங்களில் கூடக் கவனம். சின்னச் சுத்தியலால் பக்கத்தில் மெதுவாகத் தட்டும். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் ஊறி வந்து சுண்ணாம்பில் ஈரக்கோடு விழும்.

ஸ்காபரோ_உரும்பிராய்

அண்ணையின் சுண்ணாம்புச் சோதனை நல்லது, ஆனால் அது முகத்துக்கு வருகிற வெடிப்பை மட்டும்தான் காட்டும். இங்கே நாங்கள் இரண்டு செய்கிறோம். ஒன்று காந்தத் தூள், பிளாக்கைக் காந்தமாக்கித் தூளை விட்டால் வெடிப்பில் போய் வரிசையாக நிற்கும். இரும்புக்குத்தான் அது, அலுமினிய ஹெட்டுக்கு நிறச்சாயம் பூசிப் பார்ப்போம். மற்றது பிறஷர் சோதனை, தண்ணீர் வழிகளை றப்பரும் தகடும் வைத்து மூடி 40 பிஎஸ்ஐ அளவில் காற்று ஏற்றி வெந்நீரில் அமிழ்த்தினால் குமிழி வரும். சூடான தண்ணீர் நல்லது, குளிரில் மூடியிருக்கிற வெடிப்புச் சூட்டில் திறக்கும்.

சுன்னாகம்_லேத்

உண்மை. பிறஷர் போட என்னிடம் இந்தப் பிளாக்குக்கு அளவான தகடு இருக்கிறது, தொட்டி இல்லை, சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்ப்பேன். தம்பி, சுண்ணாம்பில் கோடு விழாவிட்டாலும் கொண்டுவாரும், அதற்குக் காசு வேண்டாம்.

கோண்டாவில்_மாணவன்

நான் ஓட்டோமொபைல் படிக்கிறேன். போரை எந்த எந்த இடத்தில் அளக்க வேண்டும், எத்தனை தரம்? எங்களுக்கு வகுப்பில் ஒரு இடத்தில் அளந்து காட்டினார்கள்.

சுன்னாகம்_லேத்

ஒரு போருக்கு ஆறு தரம். மேலே, படிக்குச் சற்றுக் கீழே, மேல் றிங் திரும்புகிற இடம். நடு. அடி. இந்த மூன்று உயரத்திலும் கிராங்க் நீளவாக்கில் ஒன்று, அதற்குக் குறுக்காக ஒன்று. குறுக்குப் பக்கம்தான் பிஸ்டன் சாய்ந்து அழுத்துகிற பக்கம், தேய்வு அங்கேதான் கூட. இரண்டுக்கும் வித்தியாசம் நீள்வட்டம், மேலுக்கும் அடிக்கும் வித்தியாசம் கூம்பு. டயல் கேஜை நேரே பிடித்தால் போதாது, மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டி ஆகச் சிறிய அளவைத்தான் எடுக்க வேண்டும்.

பிளாக்கை மத்தியான வெயிலில் வைத்து அளக்க வேண்டாம். வார்ப்பிரும்பு 20 பாகை சூடு கூடினால் இந்த 91 மிமீ போர் ஏறத்தாழ 0.02 மிமீ விரியும். நான் இரவு முழுக்க உள்ளே விட்டுக் காலையில் அளப்பேன், மைக்ரோமீற்றரும் பிளாக்குக்குப் பக்கத்திலேயே கிடக்கும்.

கிராங்கிலும் அப்படித்தான், ஒவ்வொரு ஜேர்னலிலும் (பேரிங் உட்காருகிற இடம்) இரண்டு இடம், இரண்டு திசை. மெயின் மூடிகளை ஓடு இல்லாமல் உரிய டோர்க்குக்கு (இறுக்க அளவுக்கு) பூட்டி அந்த வட்டங்களையும் அளக்க வேண்டும். மேல்முகத்தில் நேர்விளிம்பை நீளவாக்கிலும் மூலைவிட்டமாகவும் வைத்து பீலர் கேஜ் (இடைவெளி பார்க்கிற மெல்லிய தகடு) விட்டுப் பார்க்க வேண்டும். 0.1 மிமீ தாண்டினால் நான் முகம் எடுக்காமல் விட மாட்டேன்.

புத்தூர்_தோட்டம்

சுண்ணாம்பில் கோடு இல்லை. லேத் அண்ணையிடம் கொண்டுபோய்ப் பிறஷரும் பார்த்தாயிற்று, கசிவு இல்லை. அவர் அளக்க நான் எழுதினேன். மேலே குறுக்குவாக்கில் தேய்வு: முதலாவது 0.24, இரண்டாவது 0.25, மூன்றாவது 0.33 மிமீ. நீள்வட்டம் மூன்றாவதில் 0.11. மேல்முகத்தில் ஆகக்கூடியது 0.06.

கிராங்கில் ஆக மோசமான ஜேர்னலில் 0.02தான். கீறல் நகத்தில் தட்டவில்லை. கிறைண்ட் பண்ணத் தேவையில்லை, பொலிஷ் பண்ணி எஸ்டிடி ஓடு போடலாம் என்று சொல்லிவிட்டார். முதல் போன இடத்தில் அதற்கும் சேர்த்துத்தான் காசு கேட்டார்கள்.

மருதனார்மடம்_கராஜ்

0.33 என்றால் றிங் மட்டும் போட்டு நானும் அனுப்ப மாட்டேன். லைனர்தான். கிராங்கைத் தொடாமல் விட்டது நல்லது, கிறைண்ட் பண்ணும்போது ஜேர்னல் மூலையில் இருக்கிற வளைவைச் சதுரமாக வெட்டிவிட்டால் அந்த இடத்திலேயே கிராங்க் முறியும். இரண்டு மெசினில் கண்டிருக்கிறேன்.

கொக்குவில்_மைனர்

தம்பி, கழுவின மண்ணெண்ணெய், பழைய ஒயில், அமிலத் தண்ணீர் எல்லாம் எங்கே ஊற்றினீர்? கேட்கிறேன் என்று குறை நினைக்க வேண்டாம். எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல், வெடிப்பும் துளையுமாக இருக்கிறது, மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போய்விடும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் தண்ணீருக்குப் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, குடிப்பதும் இறைப்பதும் அந்த ஒரே தண்ணீர்தான்.

புத்தூர்_தோட்டம்

இல்லை அண்ணை, ஒயிலும் மண்ணெண்ணெயும் மூடி உள்ள கானில் இருக்கிறது, பழைய ஒயில் எடுக்கிற ஆளிடம் கொடுப்பேன். அமிலத் தண்ணீர் தனி வாளியில். சோடா போட்டு அடக்கியிருக்கிறேன், ஆனால் அதற்குள் துருவும் ஒயிலும் கலந்திருப்பதால் நிலத்தில் ஊற்றவில்லை. கிணற்றடிப் பக்கம் ஒன்றும் கொண்டுபோகவில்லை.

சுன்னாகம்_லேத்

நல்லது.

லைனர் பற்றி. இந்தப் பிளாக்குக்கு உலர் லைனர், தண்ணீர் அதில் நேரே படாது. பழையதை அடியிலிருந்து படி வைத்த தகட்டால் அழுத்தி எடுத்தேன். உளி வைத்துப் பிளந்தால் பிளாக்கின் தாய்ச் சுவர் கீறுப்படும், அந்தக் கீறல் இருக்கிற இடத்தில் புது லைனர் ஒட்டாது, சூடு போகாது, திரும்ப மூன்றாம் சிலிண்டர் கதைதான். தாய்ச் சுவரையும் அளந்தேன், வட்டமாக இருக்கிறது. தம்பி வாங்கி வந்தது முடிக்காத லைனர், அதனால் அழுத்திய பிறகு பிஸ்டனை ஒவ்வொன்றாக அளந்து அந்தந்த போரை அதற்கு அறுத்து ஹோன் பண்ணினேன். குறுக்குக் கோடு ஏறத்தாழ 45 பாகை.

இனி உமது வேலை. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் பிரஷும். மண்ணெண்ணெயால் கழுவினால் ஹோனிங் தூள் போகாது, அது கோட்டுக்குள்ளேயே நிற்கும். கழுவி உலர்த்தி, வெள்ளைத் துணியில் ஒயில் தொட்டுத் துடையும். துணி சாம்பல் நிறமானால் திரும்பக் கழுவும். வெள்ளையாக வரும்வரை.

ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் இனி வேண்டாம். மாரியில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் அதுவும் கூலண்டும்.

புத்தூர்_தோட்டம்

ஐந்து தரம் கழுவினேன், ஐந்தாம் தரம் துணி வெள்ளை. மழைத்தண்ணீர் அம்மா இரண்டு கான் பிடித்து வைத்திருக்கிறா. றப்பர் குழாய் புதுசு, இரண்டு கிளிப்பும் புதுசு, அப்பாதான் பூட்டப்போகிறார்.

றிங்கை ஒவ்வொன்றாக அதனதன் போரில் இறக்கி, பிஸ்டனைத் தலைகீழாக வைத்துத் தள்ளி நேராக்கி, பீலர் விட்டு இடைவெளி அளந்தேன். மேல் றிங்: முதலாவது 0.36, இரண்டாவது 0.38, மூன்றாவது 0.36. சரியா அண்ணை?

சுன்னாகம்_லேத்

ஒரு அங்குலப் போருக்கு ஆயிரத்தில் நான்கு அங்குலம் என்று நான் கணக்குப் பார்ப்பேன், 3.6க்கு 0.37 மிமீ அளவில் வரும். சரி தம்பி, பூட்டும்.